விரலுக்கு முதல் பதில்

அண்ணனின் சலூனுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பேச்சுக் கேட்கத்தான் வந்தார்கள். முடி வெட்டிக்கொண்டது போகிற போக்கில் நடந்தது. கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. பிறகு கைகால்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேச்சை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. எழுத உட்கார்ந்தாலும் இரண்டு எழுத்துக்கு மேல் ஓடவில்லை.

தங்கை செல்போன் செயலிகள் எழுதுகிறவள். ஆபீஸ் வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் உட்கார்ந்து அண்ணனுக்கு ஒன்று எழுதினாள். திரை முழுக்கப் படமும் சொல்லுமாகக் கட்டங்கள். தொட்டால் போன் அந்தச் சொல்லைச் சொல்லும். ஓரிரு எழுத்துத் தட்டினால் பொருந்துகிற கட்டங்கள் மட்டும் நிற்கும். ஒரு வார்த்தைக்குக்கூட அவர் தவிக்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கில் போட்டாள். பாசம் என்றால் அளவு தெரியாதே! வம்பளக்க மட்டுமே தனியாக ஒரு தொகுதி. அவளுடைய புதுப் போனில் செயலி பறந்தது. அண்ணனின் பழைய போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

சலூனில் அண்ணன் 'தண்ணீர்' கட்டத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார், அழுத்திப் பார்த்தார், பக்கத்துக் கட்டத்திலும் கை பட்டது. சற்றுப் பொறுத்து போன் மொத்தமாகக் கொட்டியது: தண்ணீர், தண்ணீர், தண்ணீர், கதவை மூடு. நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

அன்று மாலை அண்ணன் தன் விரலை அண்ணியிடம் நீட்டிக் காட்டி, உதவாது என்று தலையசைத்தார். கடைச் சாவியை அவள் கையில் வைத்தார். போன் திரையைக்கூடச் சரியாகத் தொடத் தெரியாத விரலை நம்பி இன்னொருவர் காதருகே கத்தியைக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. கடையை வாங்க ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது என்று அண்ணி தங்கையிடம் போனில் சொன்னாள்.

தங்கை ஓடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவரைத் தொடச் சொல்லிப் பார்த்தாள். விரல் சரியான இடத்தில்தான் பட்டது. திரைதான் மரமாக நின்றது. ஒவ்வொரு தட்டலுக்கும் செயலி எல்லாச் சொற்களையும் சலித்து, எல்லாப் படங்களையும் இறக்கி முடித்த பிறகுதான் விரலைத் திரும்பிப் பார்த்தது. கடையில் இருக்கிற ஒரே ஆளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டால், வந்தவருக்கு யார் பதில் சொல்வது?

"அண்ணா, உன் விரல்ல ஒரு குறையும் இல்ல. கோளாறு நான் எழுதினதுல."

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அதுதான் அவளை அறுத்தது.

அவருடைய போனையே கையில் வைத்துக்கொண்டு திருத்தினாள். விரல் பட்டதும் கட்டம் நிறம் மாற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். தேடுகிற வேலை பின்னணிக்குப் போனது. புது எழுத்து விழுந்தால் பழைய தேடலை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். சொல் முதலில் வரும். படம், கண்ணுக்குத் தெரிகிற கட்டங்களுக்கு மட்டும், மெதுவாக வந்து சேரட்டும். ஒரு சொல்லையும் அவள் நீக்கவில்லை.

போனை நீட்டினாள். அண்ணன் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். தங்கை எழுந்து அடுக்களையில் இருந்த அண்ணியிடம் போனாள்.

"அண்ணனுக்கு இதுல இஷ்டம் இல்ல அண்ணி. சரி, விடுங்க. கடையைக் குடுத்துடறதுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா, அப்புறம் நாம என்ன..."

"யார் சொன்னது?" என்றது போன்.

இருவரும் திரும்பினார்கள். அடுக்களை வாசற்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். விரல் இன்னும் திரையில் இருந்தது. தங்கை பேச வாயெடுத்தாள். அதற்குள் போன் மறுபடியும் முந்திக்கொண்டது: "கடை என்னுது."

அவள் அழுதுவிட்டாள். அண்ணி சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஆரம்பிச்சிட்டாரு. இனி இந்த வீட்டுல யாரும் ஒரு வார்த்தை முழுசாப் பேச முடியாது" என்றாள். பாதியிலேயே அவள் குரலும் உடைந்தது.