பலூனுக்கு வலப்பக்கம்

ஏற்காடு ஏரிக்கு மேலே சாலை வளையும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புத் துணி கட்டிய சட்டம் ஒன்று நிற்கும். துணியில் இடம்விட்டு இடம்விட்டுப் பலூன்கள். எதிரே ஒரு மேசை, மேசைமேல் இரண்டு ஏர்கன். கடை மெல்வினுடையது. கூட்டம் நிற்பதோ அவன் மனைவி ஞானசுந்தரியால்.

"எந்தக் கலருங்க? நீங்களே சொல்லுங்க, எங்கூட்டுக்காரி சுடும்!" என்று மெல்வின் கத்துவான். யாராவது பச்சை என்பார்கள். சுந்தரி துப்பாக்கியை எடுப்பாள். பச்சை வெடிக்கும்.

"பாத்தீங்களா? பொம்பளையே அடிக்குது. ஜிம்முக்குப் போற ஒடம்பு, நீங்க சும்மா நிக்கறீங்களே!"

ஜிம்முக்குப் போகிற உடம்புகள் வரிசையில் வந்து நிற்கும். ஒருவருக்கும் லேசில் படாது.

அதற்குக் காரணம் உண்டு. குழாயின் நுனியில் நெல்மணி மாதிரி நிற்கும் குறிமுள்ளை, கடை விரிக்கும்போதே மெல்வின் துளி இடப்பக்கம் தட்டிவைத்துவிடுவான். அப்போது குண்டு வலப்பக்கம் ஓடும். சுந்தரி பச்சையைப் பார்த்துச் சுடுவதே இல்லை. பச்சைக்கு இடப்பக்கம் உள்ள வெறுந்துணியைப் பார்த்துச் சுடுவாள். கல்யாணமாகி வந்த வருஷம் கையில் எடுத்த துப்பாக்கியே அதுதான். வேறு துப்பாக்கியை அவள் தொட்டதில்லை.

சேலத்திலிருந்து ஒருநாள் சசிரேகா என்ற பெண் வந்தாள். பேங்க் வேலை, துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். சுந்தரி சுடுவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூச்ச எங்க நிறுத்தறீங்க?" என்று கேட்டாள். அப்படியொரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"நிறுத்தறதில்லீங்க. பாதி விட்டுப் பாதி வெச்சுக்குவேன்."

"எங்க கிளப்புக்கு வாங்க. வியாழக்கிழமை காலைல பழகறவங்களுக்குன்னே விடறாங்க. காகிதத்துல கறுப்பு வட்டம், அவ்வளவுதான். துப்பாக்கி மட்டும் உங்களோடதா இருக்கணும்."

அன்றிலிருந்து சுந்தரிக்கு அந்தக் கறுப்பு வட்டம்தான். பலூன் வெடித்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. காகிதம் அப்படியில்லை, எங்கே பட்டது என்று சொல்லும். எஸ்டேட் வேலையில் மிளகு பறிக்க ஏணியில் நிற்கும்போது, இலைகளுக்கு நடுவே வெளிச்சம் வட்டமாக விழும். அவள் பாதி மூச்சை விட்டுப் பாதியை வைத்துக்கொள்வாள்.

காப்பிப் பழம் பறித்த சீசன் கூலியைத் தனியே வைத்திருந்தாள். அதில் இரண்டிலொன்றுதான் முடியும். சேலத்துக் கடையில் விலை குறைந்த ஏர்கன் ஒன்று வாங்கலாம். இல்லையென்றால் ஜீவானந்தத்திடம் சொல்லிப் பழைய பாகங்களில் ஒன்று செய்துகொள்ளலாம்.

ஜீவானந்தம் செம்மநத்தத்துக்காரன். நாகலூரில் காப்பிப் பழம் அரைக்கும் மிஷின்களுக்கு ரிப்பேர் பார்ப்பவன். மெல்வினின் துப்பாக்கிகளையும் அவன்தான் பார்ப்பான். உயிர்போன பழைய பலூன் துப்பாக்கிகள் அவன் பட்டறை மூலையில் சாத்திக் கிடந்தன.

"எதுக்குங்க்கா புதுசு? மூணு செத்ததுல இருந்து உசுரோட ஒண்ணு எழுப்பித் தர்றேன். தோள்ல வெக்கற கட்டைக்குப் பலா இருக்குது. உங்க கைக்கு அளவெடுத்துச் செதுக்கிடலாம்" என்றவன், அங்கேயே நூலால் அவள் முழங்கையிலிருந்து விரல் வரை அளந்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

சுந்தரி குள்ளம். பலூன் கடைத் துப்பாக்கியின் கட்டை அவள் தோளை எப்போதும் இடிக்கும். தன் கைக்கென்று ஒரு கட்டை என்றதும் ஆசை எச்சிலாக ஊறியது. இருந்தாலும், சேலத்துக் கடையில் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று குப்பனூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட துப்பாக்கியை எடுத்துக் கொடுத்து, பின்பக்கக் கொட்டகையில் சுட்டுப் பார்க்கச் சொன்னார். கட்டை நீளம், வழக்கம்போல் தோளை இடித்தது. சுந்தரி நிதானமாகச் சுட்டாள். போய்ப் பார்த்தால் கறுப்பு வட்டம் கன்னி கழியாமல் இருந்தது. அதற்கு இடப்பக்கம், வெள்ளையில், எல்லா ஓட்டைகளும் ஒரு கொத்தாகக் கிடந்தன.

"ஏனுங்க, இது கோணலா இருக்குதுங்களே!"

"கோணலா?" அவர் வாங்கி, நின்ற வாக்கில் சுட்டார். வட்டத்துக்குள் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. "நேராத்தான போவுதுங்க" என்றார்.

சுந்தரிக்கு முகம் சுட்டது. வாங்காமல் பஸ் ஏறிவிட்டாள். வளைவுக்கு வளைவு ஜன்னலோரம் சாய்ந்துகொண்டே வந்தபோது அந்தக் கொத்துதான் கண்ணில் நின்றது. அத்தனையும் ஒரே இடத்தில். கை ஆடவில்லை, மூச்சும் பிசகவில்லை. கண்தான் கோணல். நேரானது ஒன்றைக் கையில் கொடுத்தும் அவளுக்கு நேராகப் பார்க்க வரவில்லை.

மறுநாள் பட்டறையில் அதைச் சொன்னபோது ஜீவானந்தம் சிரித்துவிட்டான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க? குறிமுள்ள உங்க கண்ணுக்குத் தக்கன வெச்சுத் தர்றேன். மொத நாளே வட்டத்துக்குள்ளாற விழும். கிளப்புக்காரங்க வாயப் பொளக்கட்டும்."

"நேரா வெச்சுத் தர முடியாதா, ஜீவா?"

அவன் மூலையில் கிடந்த குழாய் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "தேஞ்சு போன கொழாயிங்க்கா. எத்தன வருசம் தட்டி வெச்சது. ஒரே எடத்துல போவும், அது எம்பொறுப்பு. ஆனா நேரா போவும்னு சத்தியம் பண்ணச் சொன்னீங்கன்னா, மாட்டேன்."

சுந்தரி பலாக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். மஞ்சளாக, வழவழவென்று, பாதி செதுக்கியிருந்தான். தோள் வைக்கும் இடத்தில் அவள் தோளுக்கே ஒரு பள்ளம். இதை எடுத்துக்கொண்டால் வரும் வியாழக்கிழமையே வட்டத்துக்குள் சுடலாம். ஆனால் ஒரு குண்டு தவறிப்போனால், தவறியது தானா, குழாயா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. நேரான துப்பாக்கியில் தவறினால் சந்தேகமில்லை. தவறியது அவள்தான்.

"கட்டைய எடுத்து வையி தம்பி. யாருக்கும் குடுத்துராத" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சேலத்துக்குப் போய், அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கியையே வாங்கி வந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டைப் பெட்டி வைத்துப் பழகினாள். குண்டு இடப்பக்கமே போனது. வாரத்தில் கொஞ்சம் வட்டத்தை நெருங்கும். ஞாயிற்றுக்கிழமை கடையில் பச்சையும் சிவப்புமாக உடைத்துவிட்டு வந்தால் திங்களன்று பழையபடி இடப்பக்கம். மெல்வினிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கடைல இனி நான் சுடலீங்க."

"சொல்லுவ சொல்லுவ. நீ சுடாட்டி எவன் வருவான்? அந்தத் துப்பாக்கிய வாங்கினதுல இருந்து எம்பொழப்புல மண்ணு."

"அப்ப முள்ள நேராத் தட்டி வையுங்க."

"நேரா வெச்சா வர்றவனெல்லாம் பலூன ஒடச்சுப்போட்டுப் போயிருவான். ஊதி ஊதி ரெண்டு பேரும் சாவோணும்." அவன் சொன்னதில் பாதி கோபம், பாதி நிஜம். வட்டத்துக்குள் ஒரு குண்டாவது விழாமல் கிளப் வாசலை மிதிப்பதில்லை என்று இருந்ததால், வியாழக்கிழமைகள் வந்து வந்து போயின.

மே மாதம் வந்தது. கோடை விழாக் கூட்டம் சாலையை அடைத்தது. மெல்வின் தொண்டை கட்டக் கத்தினான். "எந்தக் கலருங்க?"

"மஞ்சள்!" என்றான் சட்டைக் காலரில் கூலிங்கிளாஸ் மாட்டிய ஒரு பையன்.

சுந்தரி துப்பாக்கியை எடுத்தாள். பாதி மூச்சு வெளியே போனது. வெறுந்துணியைத் தேட வேண்டிய கண், தேடாமல் மஞ்சளின் நடுவிலேயே போய் நின்றது. அவள் விசையை அழுத்தினாள்.

மஞ்சள் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஓவென்று சிரித்தது. "அக்காவுக்கே படலையே! துப்பாக்கி கோணலுங்களா?" என்றான் பையன்.

மெல்வின் அருகில் வந்து பல்லைக் கடித்தான். "என்ன புள்ள ஆச்சு?"

"நேராப் பாத்துட்டனுங்க."

"இன்னைக்குத்தானா நேராப் பாக்கோணும்?" என்றவன், அடுத்த மூச்சில் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டான். "பாத்தீங்களா சார், எங்கூட்டுக்காரிக்கே படல! இத நீங்க அடிச்சா நீங்கதான் பெரிய ஆளு. வாங்க, வாங்க!"

பையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

சுந்தரி துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் பலூனுக்கு வலப்பக்கம், சரியாக அதே உயரத்தில், புதிதாக ஒரு பொத்தல். நேராகப் பார்ப்பவர்களின் குண்டு அந்தத் துப்பாக்கியில் போய் விழும் இடம் அது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் தவறவிட்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் இத்தனை வருஷமாக அங்கே தவறவிட்டதே இல்லை.

பலூன் பையையெடுத்து அதிலிருந்து ஒன்றை ஊதத் தொடங்கினாள். கீழே, மலையடிவாரத்துக்கு அப்பால் எங்கோ, அந்தக் கறுப்பு வட்டம் இருந்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.