நீச்சல் தெரியாதவன் எழுதிய ஸ்கூபா வழிகாட்டி

கடலுக்கடியில் எப்படிப் போவது என்று புத்தகம் எழுத நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே சங்கதியைப் பற்றி வேறு நாலு பேர் எழுதிய புத்தகமும், தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும், கொஞ்சம் வெட்கங்கெட்ட தொலித்தடியும் இருந்தால் போதும்.

மார்த்தாண்டத்தில் எனக்கு ஒரு டிராவல்ஸ். கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுப் போட்டே தலை நரைத்தவன் நான். நாலைந்து வருஷமாக, லீவில் வருகிறவர்கள் எல்லாம் "அந்தமான் போகணும், மாலத்தீவு போகணும், முதுகுல சிலிண்டர கட்டிக்கிட்டு முங்கணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தமிழில் இதற்கு ஒரு வழிகாட்டி இல்லையே என்று நானே எழுதிவிட்டேன். ஒன்றல்ல, மூன்று. எந்தத் தீவுக்கு எந்த மாசம், எத்தனை நாள், எங்கே தங்குவது, என்ன உடுப்பு எடுப்பது, எல்லாம் அதில் உண்டு. எழுதியவன் மட்டும் முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. இப்படித் தெரியாததை எழுதி, அதை நாலு பேர் நம்பியும் தொலைக்க, நெஞ்சு படபடத்துத் திரிகிற சகபாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

பின்னட்டைப் படம்

முதல் புத்தகம் அச்சுக்குப் போகும்போது நாகர்கோவில் அச்சகக்காரர், "ஆசிரியர் படம் வேணும், அதும் முங்குற கோலத்துல வேணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கடலுக்குள் போவது என்னால் ஆகாத காரியம். யோசித்து யோசித்துக் கடலோரத்து வட்டக்கோட்டைக்குப் போனோம். அங்கே மதில் மேல் நின்றால் பின்னால் கடல் தானாக வந்துவிடும் அல்லவா? இரவல் வாங்கிய முங்கல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, காலில் அந்த நீண்ட ரப்பர் துடுப்புகளை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. துடுப்போடு ஒரு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை. ஆள் பிடித்துத்தான் திரும்பி நிற்க வேண்டியிருந்தது.

சுற்றுலா வந்த பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பாப்பா என்னோடு செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டது. கடலை வறுத்து விற்கிற பெரியவர் ஒருவர் வெகுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பொறுக்கமுடியாமல் கிட்டே வந்து கேட்டார்: "வே, இந்த வாத்துக்காலயும் மாட்டிக்கிட்டு கோட்டைக்க மேல எதுக்கு நிக்கீரு? கடலு கீழல்லா கெடக்கு!"

கனமான உணவு எது?

முங்குவதற்கு முன்னால் கனமாகச் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தேன். அதுவும் எங்கிருந்தோ எடுத்ததுதான். தக்கலையிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். மாலத்தீவு போகிறாராம், கனம் என்றால் எது என்று விளக்க வேண்டுமாம். "புட்டும் பயறும் கனமா சாரே?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று புத்தகம் எழுதியவன் வாயில் அந்த வார்த்தை வருமா? "புட்டு கனம், இடியாப்பம் கனமில்லை, மரச்சீனிக் கிழங்கு ஆகவே ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னேன். அது போதாதென்று அடுத்த பதிப்பில் அதை ஒரு தனி அத்தியாயமாகவே சேர்த்துவிட்டேன்.

அந்த டீச்சரம்மா இடியாப்ப அச்சையும் மாவையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறியிருக்கிறார். திரும்பி வந்ததும் ஆபீசுக்கே வந்துவிட்டார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ சிரித்த முகமாக உட்கார்ந்து சொன்னார்: "சாரே, உங்க புத்தகத்துல கடலப் பத்தி எழுதினது ஒண்ணும் அங்க ஒத்துவரல்ல, ஆனா பலகாரத்தப் பத்தி எழுதினது அம்புட்டும் சரி."

தேங்காய்ப்பட்டணத்து ஆள்

இதுவரை சிரித்தாயிற்று. இனிச் சொல்லப்போவது வேறு மாதிரி.

அந்தோணி தேங்காய்ப்பட்டணத்துக்காரர். சின்ன வயசில் பாறை இடுக்கில் மூச்சைப் பிடித்து முங்கிச் சிப்பி எடுத்தவர். இப்போது கல்ஃபில், கப்பலுக்கு அடியில் சிலிண்டர் கட்டி முங்கி வேலை செய்கிறார். லீவுக்கு வந்தவர், திரும்பிப் போகும் டிக்கெட்டின் தேதியை மாற்ற என் ஆபீசுக்கு வந்தார். கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. சும்மா இருக்கிறாரே என்று என் அந்தமான் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன?

மனுஷன் முதலில் சிரித்துச் சிரித்துப் படித்தார். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. நான்கு நாள் பயணத் திட்டம் அது. நாலாம் நாள் காலை எட்டு மணிக்குக் கடைசி முங்கல், பத்து மணிக்குப் படகு, இரண்டு மணிக்கு விமானம் என்று போட்டிருந்தேன். கல்ஃப் லீவுக்காரர்களுக்கு டிக்கெட் போட்டு வளர்ந்த புத்தி! ஒரு மணி நேரம் சும்மா போனாலும் எனக்கு மனசு தாங்காது. நாலாம் நாள் காலை வெறுமனே கிடந்தது, ஒரு முங்கலைத் திணித்துவிட்டேன். நான் பார்த்து எழுதிய இங்கிலீஷ் புத்தகங்களில் இதைப் பற்றிக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருந்தார்கள். கட்டத்துக்குள் இருப்பது விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போனவன் நான்.

"சாரே, கீழ கெடந்து சிலிண்டர் காத்த இழுக்கும்போ வாயு ரத்தத்துல கரையும். அது மெள்ள மெள்ள வெளிய போகணும். அதுக்கு முன்ன பிளேன்ல ஏறினா, சோடாக்குப்பிய ஒடச்சது போல ரத்தத்துக்குள்ள பொங்கும். கையும் காலும் விழுந்துபோவும், உயிரே போனாலும் போவும். ஒரு முழுநாளாவது தரையில கெடக்கணும். நீரு கடலுல எறங்கியிருக்கீரா?" என்றார். முழங்கால் வரைக்கும் என்றேன். புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். "எங்க ஊருல வச்சு இத எழுதியிருந்தா உமக்கு நல்ல அடி விழுந்திருக்கும். எனக்க டிக்கெட்டு உம்ம கையில இருக்கு, அதனால சும்மா இருக்கேன்."

போன் போட்ட கதை

அன்றைக்கே கடைகளில் கிடந்த பிரதிகளைத் திரும்ப எடுத்துவிட்டேன். விற்றுப் போனதை என்ன செய்வது? அதைவிட மோசம், நான் சும்மா கொடுத்தவை. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மேடையேறி ஒரு புத்தகத்தைப் பொதிந்து மணமக்கள் கையில் திணிப்பது என் வழக்கம். என் மனைவி கிளாடிஸ் வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணக் கார்டுகளை எல்லாம் அள்ளி வந்தாள். ரெண்டு பேரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். அந்தோணியும் ஊருக்குப் போகாமல் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொருவருக்கும் நாலாம் நாள் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாதிப் பேருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. கருங்கல் என்ற ஊரில் ஒரு மாப்பிள்ளை என்னைத் தேற்றிய விதத்தை மறக்க முடியாது. இப்படி ஒன்றைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட எழுத்தாளன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்: "அங்கிள், நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம், நாங்க அந்தக் கவரயே இன்னும் பிரிக்கல்ல."

ஷீபா

மறுநாள் காலை, காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோன கிளாடிஸ் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, நம்ம ஷீபாவுக்கும் குடுத்தியளே! அவ இப்ப அந்தமான்லல்லா இருக்கா!"

ஷீபா என் தங்கச்சி மகள். கல்யாணமாகி மூன்று வாரம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு அவர்களுக்கு நாலாம் நாள். மணி ஏழே கால். எட்டு மணிக்கு முங்கல், இரண்டு மணிக்கு விமானம். அவள் போனும் கிடைக்கவில்லை, மாப்பிள்ளை ஜெபின் போனும் கிடைக்கவில்லை. தங்கச்சிக்கு ஒரே மகள். கர்த்தாவே, நானே என் கையால் பொதிந்து கொடுத்தேனே என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். முந்தின ராத்திரி நேரமாகிவிட்டதால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட அந்தோணிதான், "சாரே, அழுகத பெறவு வச்சுக்கிடலாம், அவிய தங்கியிருக்க எடத்துக்க நம்பரத் தாரும்" என்றார். அது என் புத்தகத்திலேயே இருந்தது. அதில் சரியாக இருந்த சங்கதிகளில் அந்த நம்பரும் ஒன்று. அந்தோணி தனக்குத் தெரிந்த கல்ஃப் இந்தியில் போட்ட சத்தத்தில், அங்கே போனை எடுத்த பையன் செல்லோடு கடற்கரைக்கே ஓடினான்.

ஜெபின் லைனில் வந்தான். நான் பயந்தது போலவே நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வரை கூட்டிப்போன முங்கல் பயிற்சியாளர், விமான நேரத்தைக் கேட்டதும் இன்றைக்குக் கூடாது என்று மறுத்திருக்கிறார். இவன் என் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறான். பிறகு, எதையும் கேட்காத வேறொரு ஆளைப் பிடித்து, இதோ முதுகில் சிலிண்டரோடு படகில் இருக்கிறான்.

"வேண்டாம் மக்கா, எறங்காத" என்றேன்.

"என்ன மாமா, நீங்கதானே எழுதியிருக்கீங்க? எங்களப் பத்தி வீட்டுல பயப்படுகாவளா? ஒண்ணும் ஆவாது மாமா."

அந்தோணி போனுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு ஒன்று உறைத்தது. பயிற்சியாளரையே நம்பாதவன், முன்பின் தெரியாத அந்தோணியை நம்பவா போகிறான்? அவன் நம்பினது என்னை. அந்த நம்பிக்கையை நான்தான் உடைத்தாக வேண்டும். "மக்கா, நான் முங்கினதே இல்ல. எனக்கு நீச்சலே தெரியாது. நாலாம் நாள் நான் சும்மா எழுதினது. நீ எறங்கிட்டு பிளேன் ஏறினா செத்துப்போவ" என்று கத்தினேன். அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.  அந்தப் பக்கம் டங் டங்கென்று சிலிண்டர்களைக் கழற்றிப் படகில் வைக்கிற சத்தம் கேட்டது.  போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது போல. ஷீபாவின் குரல் கேட்டது: "அப்போ எங்க ரிசப்ஷன்ல மைக்கப் புடிச்சுச் சொன்னியளே, சுறா ஒண்ணு தோளுல ஒரசிட்டுப் போச்சுன்னு… அது ஆருக்க தோளு மாமா?"

புதிய பதிப்பு

அந்தோணி லீவு முடிகிற வரை தினமும் வந்து, பென்சிலால் வரிக்கு வரி அடித்துத் திருத்தினார். இடியாப்ப அத்தியாயம் போயிற்று. நாலாம் நாள் முழுக்கத் தரையிலேயே சுற்றி, ஐந்தாம் நாள் விமானம் ஏறுவதாக மாறியது. முதல் பக்கத்தில், 'எழுதியவருக்கு நீச்சல் தெரியாது. திருத்தியவருக்குத் தெரியும்' என்று போட வேண்டும் என்றார். அச்சகக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் போட்டேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற ஒருவர் ஆபீசுக்கு வந்தபோது இந்தப் புதிய பதிப்பைப் புரட்டினார். முதல் பக்கத்தை ரெண்டு தரம் படித்தார். சரி, வைத்துவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்து நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். "எனக்கும் நீச்சல் தெரியாது சாரே. வெளிய சொல்ல நாணப்பட்டு இத்தன நாளும் மிண்டாம இருந்தேன். ஒண்ணு தாரும்."

என் புத்தகத்தைப் படித்தவர்கள் அத்தனை பேரும் இன்றைக்கும் கையும் காலும் சுகமாக உயிரோடு இருக்கிறார்கள், இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய விருது ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.