சோற்றுக்கு முந்திய கோபம்

என் மனைவியின் அண்ணன் பாதிக் கதையைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறார். இதை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கல்யாண வீடானாலும் ஞானஸ்நான விருந்தானாலும் கை கழுவி வெற்றிலை போட்டதும் ஆரம்பித்துவிடுவார். "எங்க மாப்பிள்ளைய மொத மொத எப்பிடிப் பாத்தேன் தெரியுமா? ஆசையா மக்ரூன் வாங்கிட்டுப் போறேன். பொட்டலத்தத் தட்டிவிட்டு, நவுரும்வேன்னு வெரட்டுதாரு. அப்பேர்ப்பட்ட முரடருக்குத்தான் எரக்கப்பட்டு என் தங்கச்சியக் குடுத்தேன்." எல்லாரும் சிரிப்பார்கள். குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள்கள் மட்டும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி உட்காருவார்கள்.

பொட்டலத்தைத் தட்டிவிட்டது உண்மை. இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்பது பொய். நடுவில் நடந்ததை அவர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

எழுபதுகளில் நான் சங்கு குளிக்கிற ஆள். முத்துக்குளிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது. சங்கு இருந்தது. திரேஸ்புரத்திலிருந்து விடியும் முன்னே கரைக்காற்றில் பாய் விரித்துப் போவோம். வெயில் ஏறுகிற நேரத்தில் சங்கு கிடக்கிற இடத்தில் நிற்போம். கண்ணாடியை மாட்டி, காலில் துடுப்புபோல அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்க வேண்டியது. எடுக்க வேண்டியது, ஏற வேண்டியது, மறுபடி இறங்க வேண்டியது. உச்சி சாயும் வரைக்கும் இதுதான்.

வயிற்றில் சோற்றை வைத்துக்கொண்டு இறங்க முடியாது. பாதியில் மூச்சு முட்டும், தின்றது தொண்டைக்கு வரும். அதனால் கிளம்பும்போது ஒரு லோட்டா கருப்பட்டிக் கடுங்காப்பி, நடுவில் தூக்குச்சட்டியில் மிச்சம் இருந்தால் இன்னும் ஒரு வாய். அவ்வளவுதான். கருப்பட்டிக் காப்பியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆளைத் தட்டி எழுப்பி உட்கார வைக்கும். குளிர்ந்த தண்ணீருக்குள் நெஞ்சில் ஒரு கங்கு கிடப்பதுபோல இருக்கும். ஆனால் அந்தக் கங்கு அணைந்த பிறகு வருகிற பசி வயிற்றில் வராது, தலையில் வரும். முதலில் பேச்சு குறையும். அப்புறம் பக்கத்தில் இருக்கிறவன் மூச்சுவிடுகிற சத்தமே பிடிக்காமல் போகும்.

கரைக்கு வந்ததும் சோறு என்று நினைக்காதீர்கள். முதலில் சங்கை அரசாங்கக் கொட்டகையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அங்கே ஒருவர் ஒவ்வொரு சங்காக எடுத்து ஒரு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பார். உள்ளே விழுந்துவிட்டால் சின்னச் சங்கு, கழித்துப் போடுவார். அவர் காலையில் இட்லி தின்றவர், நடுவில் வடை தின்றவர், மத்தியானச் சாப்பாட்டையும் முடித்தவர். அதனால் அவருக்கு அவசரமே இல்லை. எங்கள் ஆட்களின் சண்டைகள் எல்லாம் அந்தக் கொட்டகை வாசலில்தான் நடந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சண்டை நடந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் சோறு, அப்புறம்தான் சேதி.

இடையில் சில வருஷம் சாராயக்கடையைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். முந்தின சாயங்காலம் குடித்தவன் மறுநாள் தண்ணீருக்குள் நிற்க மாட்டான். இறங்கின வேகத்தில் மேலே வருவான். வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன அப்பாவை நினைத்து அழுவான். கடையை மூடினார்கள், அந்த அழுகையும் நின்றது. வயிற்றுக்குள் போகிறதுதான் ஆளை ஆட்டிவைக்கிறது. இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

இப்போது மச்சான் கதைக்கு வருகிறேன். புன்னைக்காயல் திருவிழாவில் நான் ஒரு பெண்ணைப் பார்த்தேன். சப்பரம் வருகிறது, எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள், அவள் மட்டும் பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டே கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஆள் விட்டுக் கேட்டாள். அவள் அண்ணன் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கிளார்க். அவன் வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பான், அவன் சொல்கிறதுதான் முடிவு என்று பதில் வந்தது. எந்த நாள் வருவான் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் வந்தது வேலை நாளில், கொட்டகை வாசலுக்கு, சங்கை அளந்துகொண்டிருக்கிற நேரத்தில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மக்ரூன் பொட்டலம். அன்றைக்கு என் சங்கில் பாதி வளையத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, இன்னைக்கு எத்தன சங்கு?"

"எண்ணிக்கிட்டுதான இருக்காவ? உமக்குக் கண்ணு இல்லையா?"

"கோவப்படாதீங்க. ஒரு மக்ரூன் சாப்பிடுங்க."

காலையிலிருந்து உப்புத் தண்ணீர் போய் வந்த வாய்க்கு நேரே முட்டையும் சர்க்கரையுமாக ஒரு சாமானை நீட்டினால் குமட்டும். தட்டிவிட்டேன். மக்ரூன் மணலில் சிதறியது. காக்காய்களுக்கு அன்றைக்குப் பெருநாள். "நவுரும்வே!" என்றேன். அவர் நகர்ந்தார்.

அப்புறம் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து சோற்றையும் சாளைக் குழம்பையும் ஒரு கை பார்த்தேன். கடைசி உருண்டை இறங்கியதும் உலகமே நல்லவர்களால் நிரம்பியிருந்தது. வளையக்காரர்மீதுகூட ஒரு பாசம் வந்தது. அப்போதுதான் எங்கள் தண்டல், வள்ளத்தை ஓட்டுகிற பெரியவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, வெள்ளச் சட்டைய அடிச்சு வெரட்டுனியே, அவன் யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"ஒனக்குப் பொண்ணு குடுக்க வந்தவம்லே."

தின்ற சோறு முழுக்கக் கல்லாகிப்போனது.

அன்று சாயங்காலம் புன்னைக்காயலில் நடந்ததை என் மனைவி பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறாள். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அவன் மனுசனே இல்ல. இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றிருக்கிறார். இவள் குசினியிலிருந்து தலையை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவிய சாப்பிட்டிருந்தாவளா?"

"அத எதுக்குளா கேக்க?"

அவர்களுடைய அப்பா அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர். ஒரு காது கேட்காது. கேட்கிற காதில் இது விழுந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல், "ஏலே, குளிச்சிட்டு வந்து சோத்துக்கு முந்தி ஒங்கம்மைய நான் பேசாத பேச்சா? சோறு தின்னப்பொறவு அவ கால அமுக்கிவிட்டிருக்கேன்" என்றார்.

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பசின்னா எல்லாருக்குந்தான் பசிக்கி. நானும் ஆபீஸ்ல பசியோட வேல பாக்கேன். யாரையாவது திட்டுனேனா?"

"நீ எங்கண்ணே பசியோட இருக்க? பியூன் மணிக்கு ஒரு டீ கொண்டாந்து ஊத்துதான்." அது உண்மைதான். டீயும் வடையும்தான் அவருக்குச் சாப்பாடு. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மேசையில் வயிற்றெரிச்சலுக்கு வெள்ளை மருந்து பாட்டில் இருக்கும். இவள் விடவில்லை. "ஒரு நாள் அவிய வள்ளத்துல போ. அவிய குடிக்கிற காப்பிய மட்டும் குடி. கரைக்கு வார வரைக்கும் ஒரு சுடுசொல் சொல்லாம வந்துட்டியன்னா, நீ காட்டுத ஆளக் கட்டிக்கிடுதேன். சொல்லிட்டியன்னா, நான் சொல்லுத ஆளுக்குக் குடு."

பந்தயத்தை மச்சான் அப்பா முன்னால் ஒத்துக்கொண்டார். சேதி வந்ததிலிருந்து நான் கிடந்து தவித்தேன். என் கல்யாணம் அந்த மனுஷனுடைய நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் இருட்டோடு கரைக்கு வந்தார், கையில் ஒரு பிளாஸ்க்கும் பிஸ்கட்டும். தண்டல் இரண்டையும் வாங்கிக் காப்பிக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார். "தம்பி, வள்ளத்துல இது ஆகாது. வரும்போது வாங்கிக்கிடுங்க." மச்சான் சிரித்துக்கொண்டே ஏறினார். எங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "இவ்வளவுதானா? ஜோரா இருக்கே" என்றார். துறைமுகத்து கிரேன் எவ்வளவு பெரியது, கப்பல் எப்படி உள்ளே வரும் என்று வழி நெடுகப் பாடம் நடத்தினார். இந்த ஆள் ஜெயித்துவிடுவார் போலிருந்தது.

அன்றைக்கு நான் சங்கு தேடியதைவிட அவர் முகத்தைத் தேடியதுதான் அதிகம். ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். முதலில் கிரேன் பேச்சு நின்றது. அடுத்த தடவை பார்த்தபோது நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டீ குடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. அதற்கும் அடுத்த தடவை, காற்று ஏன் இப்படி அடிக்கிறது என்று காற்றை முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் உச்சிக்கு வந்தது. நான் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மாதாவே, இந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்ட மாட்டானா என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு ஜெபத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

காப்பாற்றியது தண்டலின் பாட்டு. அவருக்கு வேலை இல்லாதபோது கோயில் பாட்டை மூக்காலேயே பாடுகிற பழக்கம். சரணம் தெரியாது, பல்லவியையே திருப்பித் திருப்பிப் பாடுவார். அன்றும் பாடினார். மச்சான் தூக்குச்சட்டியை எட்டி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"ஏ கெழவா, பாட்ட நிறுத்தும்வே! மனுசனுக்கு மண்ட பொளக்கு!"

தூக்குச்சட்டி பறந்து போய்க் கடலில் விழுந்தது.

எங்கள் வள்ளத்தில் தண்டலை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். தண்டல் மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏலே மாப்ள, சட்டிய எடு" என்றார். நான் இறங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சங்குக்கும் இறங்கியதில்லை. தண்ணீருக்குள் சிரித்ததில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

எனக்கும் அன்று அதே பசிதான். ஆனாலும் கோபம் வரவில்லை. இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணுகிறது. பரவாயில்லை, காணட்டும். பெண் கிடைக்கப்போகிறது என்று தெரிந்தவனுக்குப் பசி கொஞ்சம் வழிவிட்டு நிற்கும் போலிருக்கிறது.

கரையில் அம்மா சோற்றோடு காத்திருந்தாள். சாளைக் குழம்பு, சுறாப்புட்டு, சுட்ட கருவாடு. மச்சான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் தட்டைப் பேசாமல் தின்றார். இரண்டாவது தட்டில் மூக்கு நுனியில் வியர்வை அரும்பியது. அதற்கப்புறம் தண்டலைப் பார்த்து, "பெரியப்பா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்தப் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சி" என்றார். சுறாப்புட்டை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே, "மாப்ள, தாலி எந்த ஆசாரிட்ட செய்யச் சொல்ல?" என்று கேட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவரும் கொஞ்சம் திருந்தினார். டீயைக் குறைத்து, வீட்டிலிருந்து தூக்கில் சோறு கொண்டுபோனார். ஆறு மாதத்தில் மேசையிலிருந்து வெள்ளை மருந்து பாட்டில் காணாமல் போனது. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆட்களும் மனுஷர்களாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. எல்லாம் டாக்டர் கைராசி என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

என்னை முரடன் என்று சொல்வதும் எனக்கு உறைப்பதில்லை. முரடன்தான். ஆனால் "இரக்கப்பட்டுக் குடுத்தேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் மனைவி பந்தியில் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போகிறாள். தனக்கு வேண்டிய மாப்பிள்ளையைத் தானே பேசி, பந்தயம் கட்டி, கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொண்டவள் அவள். அதைப் பிச்சை போட்ட மாதிரி சொல்ல உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மச்சான், வருகிற திருவிழாவுக்கு எல்லாரும் நம் வீட்டில்தான் சாப்பிடப்போகிறோம். இந்தத் தடவை வெற்றிலை போட்ட பிறகு பேசக் கூடாது. இலை விரித்து, சோறு வருவதற்கு முன்னால், மருமகள்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நில்லும். அன்றைக்கு அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது நீரா, உம்ம தங்கச்சியா? சத்தமாகச் சொல்லும். சொல்லி முடிக்கிறவரைக்கும் உம்ம இலையில் ஒரு பருக்கை விழாது.