பாரம் ஏற்றிப் பார்க்கும் வெள்ளத்துரை

08.11.2023 – ஆறு பேர், 371 கிலோ.
21.01.2024 – நான்கு பேர், ஓர் உளுந்து மூட்டை, 318 கிலோ.
02.09.2024 – ஏழு பேர், 402 கிலோ.
11.05.2025 – ஐந்து பேர், 296 கிலோ.

வெள்ளத்துரையின் பட்டறைத் தகரச் சுவரில் இப்படித்தான் சாக்கட்டியால் எழுதியிருக்கிறது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில், ஜீப்புகளுக்கு மட்கார்டு வெட்டுகிறவர் அவர். மழை பெய்துவிட்டால் கரிசல் காட்டுக்குள் சாதாரண டயர் உதவாது. பெரிய டயர் மாட்டினால் வண்டி மீளும். ஆனால் டயர் மட்கார்டில் உரசும். உரசுகிற தகரத்தை எவ்வளவு எடுப்பது என்பதே அவர் தொழில்.

வண்டியை மட்டும் கொண்டுவந்தால் அவர் கிரைண்டரைத் தொடமாட்டார். முகம்மது அர்ஷத் புது டயர்களோடு தனியாக வந்து நின்றபோதும் அப்படித்தான்.

“நீரு மட்டும் வந்து என்னவே செய்ய? இதுல போற ஆளுவ எல்லாரையும் கூட்டிட்டு வாரும்.”

“அண்ணாச்சி, மட்கார்டு வெட்ட வந்திருக்கேன். பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?”

மறுநாள் மனைவி ஹாலிதா, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். பட்டறை மூலையில் ஓர் எடை மெஷின் உண்டு. ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஹாலிதா மட்டும் தயங்கினார். “எடையச் சத்தமாச் சொல்லிராதீய அண்ணாச்சி.” பெண்கள் எல்லோரும் இதையே சொல்வதால்தான் சுவரில் மொத்தம் மட்டும் இருக்கிறது.

அத்தனை பேரும் வண்டிக்குள் உட்கார்ந்ததும் வெள்ளத்துரை தரையில் மல்லாந்து படுப்பார். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்ப்பார். பாரத்தில் வண்டி தாழ்ந்த அளவுக்கு ஒரு கோடு. அதற்கும் மேலே, டயரில் அப்பப்போகும் மண்ணுக்காக இன்னொரு கோடு. “கரிசலுக்கு ரெண்டு விரக்கடை விடணும். அது டிக்கெட் எடுக்காம ஏறுத ஆளு.” வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கம் மடக்கிவிட்டு, கட்டைவிரலால் முழுக்கத் தடவிப் பார்த்த பிறகே எழுந்திருப்பார்.

இந்த வழக்கம் மூன்று வருடத்துக்கு முன்னால் இல்லை. அப்போது இசக்கிராஜா என்பவரின் ஜீப்பை வெறும் வண்டியாக நிறுத்தி அளந்து வெட்டினார். பதினோராம் நாள், எட்டுப் பேர் ஏறி ஒரு வளைகாப்புக்குப் போகையில், பனவடலிசத்திரத்துக்கு இந்தப் பக்கம் பின்டயர் தகரத்தில் அறுபட்டு வெடித்தது. வண்டி காட்டுக்குள் இறங்கியது. இசக்கிராஜாவின் தங்கைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன வெள்ளத்துரையை வாசலிலேயே மறித்தார் இசக்கிராஜா: “இனி எங்க வண்டில உம்ம கை படவே கூடாது வே.”

அந்தக் கோபத்தில் இசக்கிராஜா டயரை மாற்றினாரே தவிர மட்கார்டை மாற்றவில்லை. அதே வெட்டோடு, பட்டறை வாசல் வழியாகவே, ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓடியது. அதன் சத்தம் வெள்ளத்துரைக்குத் தெரியும். அது கடந்துபோகும்வரை கிரைண்டரை நிறுத்திவிடுவார். இன்னொரு முறை வெடித்தால் யாருடைய எலும்போ என்பதுதான் அவருக்குள்ள பயம்.

போனை இசக்கிராஜா எடுப்பதில்லை. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதம் எழுதினார். ‘இன்னும் ரெண்டு விரக்கடை எடுக்கணும். நானே வந்து செய்துதாரேன். அதுவரை பின்னால் மூணு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம்.’ முதல் இரண்டும் வாங்க மறுத்துத் திரும்பி வந்தன. மூன்றாவது திரும்பவில்லை, பதிலும் இல்லை. போன பிப்ரவரிக்குப் பிறகு ஜீப்பின் சத்தமும் இல்லை. நான்காவதற்குத்தான் பதில் வந்தது. அர்ஷத்தின் குடும்பம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

‘வண்டியை விற்றாச்சு. இனி எனக்கு எழுதாதேயும். வாங்கினவர் சங்கரராமன், ஊர் திருவேங்கடம். அவரிடம் டயர் விஷயம் நான் சொல்லவில்லை. நீரு சொல்லும்.’

வெள்ளத்துரை அதை இருமுறை படித்தார். “எல்லாரும் இறங்குங்க மக்கா. நாளைக்கு வாங்க.”

“ஏறச் சொன்னதும் நீங்க, இறங்கச் சொல்லுததும் நீங்களா?” என்றார் ஹாலிதா.

சங்கதியைக் கேட்ட அர்ஷத், “நம்பரை விசாரிச்சு ஒரு போன் போட்டுச் சொல்லிரலாமே அண்ணாச்சி” என்றார்.

“போன்ல சொன்னா தகரம் வெட்டுப்படுமாவே?”

கிரைண்டரின் வயரைச் சுருட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் அதை வைத்துக் கயிற்றால் இறுக்கினார். பட்டறையைப் பூட்டாமலே திருவேங்கடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

இசக்கிராஜாவின் அந்த ஒரே கடிதம் வந்த தேதி 14.06.2025, சனிக்கிழமை. சுவரில் அந்தத் தேதிக்கு எடை எதுவும் எழுதியிருக்கவில்லை.