கேள்வியக்காவும் அம்மாவின் அறையும்

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிசினஸ் அனலிஸ்ட் என்றால் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "சாஃப்ட்வேர் வேணுங்கிறவங்களுக்கும் அதை எழுதுறவங்களுக்கும் நடுவுல உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் திட்டு வாங்குற வேலை" என்பாள். சித்தப்பா மட்டும் விடமாட்டார். "அப்ப நீயா எதுவும் செய்யறதில்ல?" என்பார்.

அவள் செய்வது கேள்வி கேட்பதுதான். ஒரு முறை, மேசை நாற்காலி விற்கும் கடையின் மேலாளர், வாடிக்கையாளர்கள் புகார் சொல்ல ஒரு ஆப் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவள் தலையாட்டிவிட்டு, அங்கே போன் எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சண்டைக்கே வரவில்லை. "கட்டில் ஏத்துன வண்டி எங்க வருது? லீவு போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றுதான் கேட்டார்கள். வண்டி கிளம்பியதும் அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போக வழி செய்தாள், போன் அடங்கியது. மேலாளர் அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். இந்தத் தொழிலில் அது சகஜம்.

புது சாஃப்ட்வேரின் திரையைக் காட்டும்போது யாராவது முகத்தைச் சுளித்து நாலு குறை சொன்னால் அவளுக்கு நிம்மதி. "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால்தான் பயம். அப்படிச் சொன்னவர்கள் அதை அப்புறம் தொடுவதே இல்லை.

அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. "ஒரு மாசம் இருந்து பாக்கறேன். சரிப்படலன்னா திரும்பிடுவேன்" என்று அம்மா ஒருவழியாகச் சம்மதித்தாள். உடனே இவள், அம்மாவுக்கு என்னென்ன தேவைப்படும் என்று அண்ணனிடம் கேட்டாள், அண்ணியிடம் கேட்டாள், டாக்டரைக்கூட விடவில்லை. தாழ்வான கட்டில் வந்தது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, தலைமாட்டில் அழைப்பு மணி. "ஆபீஸ்லகூட இவ்வளவு மெனக்கெட மாட்டியே" என்று கணவன் கிண்டலடித்தான்.

அம்மா வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் நல்லா இருக்கு" என்றாள்.

கேள்வியக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் பெற்ற தாயைத் தனக்குத் தெரியாதா என்று தள்ளிவிட்டாள். போகப் போக அம்மாவின் பேச்சு குறைந்தது. மாலையில் இவளும் கணவனும் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை பார்த்தால், பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"மாசம் முடியப் போகுதுல்ல. அண்ணன்கிட்டயே போயிடறேன்."

அவளுக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது. "என்னம்மா குறை வெச்சேன்? எல்லாரையும் கேட்டுக் கேட்டுத்தானே செஞ்சேன்!"

"ஆமா, எல்லாரையும் கேட்ட" என்றாள் அம்மா, மடிப்பதை நிறுத்தாமல்.

கேள்வியக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உனக்கு என்னம்மா வேணும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "வீட்டுச் சாவி ஒண்ணு. வெளிய காலை வெச்சா கதவு தானா பூட்டிக்குது, திரும்ப உள்ள வர வழியில்ல. அதான் உள்ளயே கெடக்கேன்."

"கேட்டிருக்கலாமேம்மா!"

"விருந்துக்கு வந்தவ சாவி கேப்பாளா?"

இவ்வளவுதானா என்று சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வெட்கமாக இருந்தது. தன் சாவிக்கொத்திலிருந்து வாசல் சாவியை நகம் வலிக்க வலிக்கக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள்.

அம்மா பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? எப்ப வருவ?"

"சொல்லிட்டுத்தான் போகணுமா?"

கதவு சாத்திக்கொண்டது. இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் தொண்டை வரை வந்திருந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.