ஏரி தெரிந்த அறை

மருந்து விற்பனைக்காக மதுரை செல்லும்போதெல்லாம் ஒரே ஓட்டலில் தங்குவேன். ஒவ்வொரு தங்கலுக்கும் புள்ளிகள் தருவார்கள். அவை சேர்ந்தால் கொடைக்கானலில் அவர்களுடைய விடுதியில் இலவசமாகத் தங்கலாம். அந்த ஆசையில், தச்சநல்லூருக்குத் திரும்பப் பேருந்து இருந்தும், இல்லையென்று மனைவியிடம் தொலைபேசியில் பொய்யுரைத்துத் தங்கியதுண்டு.

புள்ளிகள் சேர்ந்ததும் அவளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். ஏரி தெரியும் அறையே கிடைத்தது. "நெசமாவே துட்டு கேக்கலியா? அரண்மனை மாதிரில்லா இருக்கு!" என்று அவள் சிரித்தாள். அந்தப் பூரிப்பில் உளறிவிட்டேன்: "பஸ் இருந்தும் உனக்காகத்தான் மதுரையிலயே தங்குனேன்."

அவள் சிரிப்பு நின்றது. "கரு கலைஞ்சு நான் ஒத்தையில ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் பஸ் இருந்துச்சா?"

நான் ஏரியைப் பார்த்தேன்.



அதன்பிறகு அவள் கேட்டதேயில்லை. அன்றைக்கும் பேருந்து இருந்தது என்று இங்கே எழுத முடிகிறது. அவளிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை.