சகலனின் வெள்ளியும் என் மூன்று விரல்களும்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த ஒன்பது நாட்களாக என் வலது கையில் மூன்று விரல்கள் கறுப்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மை அல்ல, கரி அல்ல. ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஒருவன், பத்து வருடமாக இந்தப் பக்கத்தில் உலகத்துக்கே புத்தி சொல்லி வருபவன், ஒரு சோடிக் கையுறையைப் போட மறுத்ததால் வந்த வினை.

ஏன் மறுத்தேன்? அதை நீட்டியவர் என் சகலன்.

மனைவியின் தங்கையின் கணவர். கல்யாணமானவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவரை அந்த வீடு ஆயுள் முழுக்கத் தராசில் வைத்தே பார்க்கும். என் தட்டு எப்போதும் மேலே நிற்கும்... பாரம் இல்லாததால்.

அவருக்கு இந்திரன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை மறைத்த காரணம் கடைசியில் விளங்கும். என்னைவிட ஆறு வயது இளையவர். 'அவர்' என்று எழுதுவதே என் பெருந்தன்மை.

நான் லண்டனில் ஒரு நகர கவுன்சிலில் பார்க்கிங் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிறவன். இந்திரன் ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவிக்கொண்டே படித்து, பிறகு லண்டனுக்கு வந்து, இப்போது ஒரு பல்கலைக்கழக லாப்பில் வெள்ளியில் நானோ துகள்கள் செய்கிறார். எதை வைத்து? கறிவேப்பிலையை வைத்து!

நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஒரு வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். கறிவேப்பிலையை அவித்து வடித்த சாற்றை அதில் விடுகிறார்கள். இலையில் இருக்கும் ஏதேதோ சத்துகள், கரைந்து கிடக்கும் வெள்ளியைப் பிடித்துத் துகள் துகளாக்கிவிடுகின்றன. ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சின்னத் துகள்கள். அவை பக்டீரியாவைக் கொல்கின்றன. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்க் கலங்களையும், அதாவது செல்களையும், கொல்கின்றனவாம். இதற்கான இலை டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடையிலிருந்து போகிறது.

ஐம்பது வருடமாக நான் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த சாமான்! அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் மேலே ஏறிவிட்டார். வயிறு எரியாதா?

கோடையில் ஹரோவில் ஒரு மண்டபத்தில் இந்திரன் இதைப் பற்றித் தமிழில் பேசினார். நான் பின்வரிசையில் இருந்தேன், பிழை பிடிக்க. பேச்சு முடிந்ததும் வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தார். கணவருக்குப் புற்றுநோய்.

"தம்பி, இந்தத் தண்ணியை நான் வீட்டிலை செய்து அவருக்குக் குடுக்கலாமோ?"

"வேண்டாம் அக்கா, குடுக்காதேங்கோ" என்றார் இந்திரன். "இது இப்ப தட்டிலைதான். தட்டிலை சாகிறது உடம்புக்குள்ளையும் சாகுமோ, எனக்குத் தெரியாது. நல்ல கலங்களை என்ன செய்யும் எண்டும் முழுக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் விட்டிடாதேங்கோ."

கூட்டம் கலைந்த பிறகும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து, ஆஸ்பத்திரிக் கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி மனோ கண்ணைத் துடைத்தாள்.

இரண்டு தரம் 'தெரியாது' என்று சொன்ன மனிதருக்கு மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நான் பத்து வருடமாக இந்தப் பத்தியில் ஒருமுறையாவது 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேனா? எனக்கு யார் கைதட்டினார்கள்? அவருடைய கெட்டித்தனத்தை நான் எப்படியோ பொறுத்திருப்பேன். அந்த அடக்கம் இருக்கிறதே... அதைத்தான் தாங்க முடியவில்லை.

இவ்வளவும் இருந்தாலும் எனக்கென்று உட்கார ஒரு கதிரை இருந்தது.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வருடாவருடம் ஏடு தொடக்கல் நடக்கும். தட்டில் அரிசியைப் பரப்பி, சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் 'அ' எழுதிக் காட்டுவது. விஜயதசமி எந்தக் கிழமையில் வந்தாலும் லண்டனில் அது சனிக்கிழமைதான். எழுத்தாளர் என்ற முறையில் எட்டு வருடமாகப் பிள்ளைகளின் விரலைப் பிடிப்பது நான். இந்த லண்டனில் என்னை எழுத்தாளர் என்று நம்பும் ஒரே கூட்டம் நான்கு வயதுக்குட்பட்டவர்கள். அந்தக் கதிரையும் போனால் எனக்கு மிஞ்சுவது பார்க்கிங் மட்டும்தான்.

இந்த வருடம் ஊரில் போரில் நடந்தவற்றுக்குப் பிறகு பாட்டும் நடனமும் வேண்டாம் என்று முடிவாயிற்று. எழுத்தை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார்கள். வகுப்பின் செயலாளர் மகேசன் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"ஒரு சின்ன விசயம். டொக்டர் இந்திரனையும் கூப்பிடச் சொல்லி தாய்தகப்பன்மார் கேக்கினம்."

"எதுக்கு?"

"ரெண்டு கதிரை போடுவம். ஆருக்கு ஆர் விருப்பமோ அங்கை போகட்டும்."

ரெண்டு கதிரை! சூப்பர்மார்க்கெட் கவுன்டர் மாதிரி! நான் பெருந்தன்மையாக "நல்ல யோசினை" என்றேன். போனை வைத்த சத்தத்தில் மனோ குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்படி என்னதான் பெரிய வித்தை? பார்த்துவிட வேண்டும். அரைநாள் லீவு போட்டு, வியாழக்கிழமை இந்திரனின் லாப்புக்குப் போனேன். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, இந்தக் கோட்டைப் போடுங்கோ. இந்தாங்கோ, கையுறை."

"உதெல்லாம் எனக்கு வேண்டாம். நான் என்ன சின்னப் பிள்ளையோ?"

"போட்டால் நல்லது, அண்ணை..."

"என்ரை கை பேனை பிடிச்ச கை. ஒண்டும் செய்யாது."

என்ன வசனம் பாருங்கள்! அந்த நேரம் யாரோ கூப்பிட இந்திரன் திரும்பினார். முன்னால் ஒரு குடுவையில் வெளிறிய மஞ்சளில் கறிவேப்பிலைச் சாறு. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வெறும் தண்ணீர் போல ஒன்று, அந்த வெள்ளி உப்பைக் கரைத்தது. இதை அதற்குள் ஊற்றத்தானே வேண்டும்? இதற்கு ஒரு டொக்டர் பட்டமா? ஊற்றினேன். பாதி குடுவைக்குள் போனது. மிச்சம் என் விரல்களில். நிறமில்லை, மணமில்லை, எரிவில்லை. காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கையைப் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்திரன் திரும்பி வந்து குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவரும் அதன் முன்னால் நின்றோம். மெல்ல மெல்ல... மஞ்சள் கறுத்துப் பொன்னிறமாகி, பிறகு தேத்தண்ணீர் நிறமாகியது.

"வெள்ளி பிறக்குது, அண்ணை" என்றார். எத்தனை தரம் பார்த்திருப்பார்! முகம் முதல்தரம் பார்ப்பவரின் முகம். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. உடனே அடக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் நல்ல வெயில். ஹரோ வருவதற்குள் விரல்கள் மண்ணிறம். பின்னேரம் கறுப்பு. அந்த உப்புப் பட்ட தோல் வெளிச்சத்தில் கறுக்கும், தோல் உரியும்வரை போகாது என்பதைப் பிறகு இன்டர்நெட்டில் வாசித்தேன். அதற்கு முன்பே சவர்க்காரம், தேசிக்காய், குத்துவிளக்குக்குப் போடும் பழப்புளி எல்லாம் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. கை மினுங்கியது. கறுப்பாகவே மினுங்கியது.

"இதென்ன விரலிலை?" என்றாள் மனோ.

"பேனை லீக்."

"நீங்கள் கொம்பியூட்டரிலைதானே எழுதுறனீங்கள்?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விடுவது நல்லது.

சனிக்கிழமை மூன்று விரல்களிலும் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு போனேன். பன்றிக் காய்ச்சல் வருடம் அல்லவா, மண்டப வாசலில் கைக்கு ஜெல் போத்தல். இரண்டு கதிரை, இரண்டு அரிசித் தட்டு. இந்திரனுக்கு முன்னால் வரிசை கதவுவரை போயிருந்தது. எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண்பிள்ளை, தாயுடன். அவளுடைய அண்ணனுக்கும் நான்தான் எழுதினேன் என்பதால் வந்த விசுவாசம். மற்றவர்கள் என் பிளாஸ்டரைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அங்காலே நகர்வார்கள்.

பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ'வின் சுழியைத் தொடங்கினேன். ஜெல்லில் ஊறிய பிளாஸ்டர் அரிசியில் ஒட்டிக் கழன்று வந்தது. ஒன்று. பிறகு மற்றது.

"மம்மி, லுக்! அங்கிள்ட ஃபிங்கர்ஸ் பிளாக்!"

தாய் பிள்ளையைப் பின்னால் இழுத்தார். "ஐயோ, இதென்ன அங்கிள்? தொற்றுமோ?"

பக்கத்து வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரயிலில் ஒருவர் தும்மினால் பெட்டியே காலியாகும் காலம். கறுத்த விரலோடு ஒருவன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்? மகேசன் மாஸ்டர் என் கதிரையை நோக்கி வந்தார். எட்டு வருடம்... முடிந்தது.

அவருக்கு முன்பே இந்திரன் வந்துவிட்டார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரே பார்வை. எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு வசனம் போதும் அவருக்கு: 'கையுறை போடச் சொன்னனான், கேக்கேல்லை.' அது உண்மையும்கூட. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அடுத்த வாரம் இங்கே எழுதியுமிருப்பேன்.

"பயப்பிடாதேங்கோ, தொற்றாது" என்றார் எல்லோருக்கும் கேட்க. "ஒரு வெள்ளி உப்புப் பட்டது. தோல் கறுக்கும், தானாப் போயிடும். அண்ணை வியாழக்கிழமை லாப்பிலை எனக்கு உதவி செய்தவர்."

உதவி! தன் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல் கூட்டிச் சொல்லாத மனிதர், எனக்காக ஒரு பெரிய சொல்லைக் கூட்டிச் சொல்கிறார்.

"அப்ப எழுத்தும் ஆராய்ச்சியும் ரெண்டும் அவரின்ரை கையிலை எண்டு சொல்லுங்கோ!" என்றார் ஒரு தகப்பன். வரிசை உடைந்தது. பாதிப் பேர் என் பக்கம். பதினேழு பிள்ளைகளுக்கு 'அ' எழுதினேன். சில தாய்மார் கறுத்த விரல் தெரியப் படமும் எடுத்தார்கள்.

சந்தோஷமா என்று கேட்கிறீர்களா? அந்தப் பதினேழும் இந்திரனின் வாயிலிருந்து விழுந்தவை என்று எனக்குத் தெரியுமே! கெட்டவன்மேல் பொறாமைப்படுவது லேசு, காரணங்களை அவனே தருவான். நல்லவன்மேல் பொறாமைப்படுவது கடும் உழைப்பு. எல்லாவற்றையும் நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

கார் பார்க்கில் இந்திரன் எனக்குப் பின்னால் ஓடி வந்தார். எப்படியாவது நன்றி சொல்லிவிடுவது என்று, தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் முந்திவிட்டார்.

"அண்ணை, ஒரு உதவி. உங்களைக் கையுறை இல்லாமல் விட்டது லாப்பிலை தெரிஞ்சால் எனக்குத்தான் பெரிய பிரச்சினை. உங்கட பத்தியிலை மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

முதல்தடவையாக என் எழுத்துக்கு ஒருவர் பயப்படுகிறார்! அதுவும் இந்திரன்! நெஞ்சு நிமிர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

கார்க் கதவைத் திறந்துகொண்டே மனோ சொன்னாள்: "நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும் இந்திரன். அதை ஆர் வாசிக்கினம்?"